பெட்டி இல்லாத புதையல்



இங்கே வந்திருப்பவர்களில் விமானம் ஓட்டும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். விமான நிறுவனங்களில் வேறு வேலை பார்ப்பவர்கள் இன்னும் பலர். மற்றவர்கள் மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று மூன்று பக்கத்திலிருந்தும் குழந்தை குட்டிகளோடு வந்திருக்கிறீர்கள். இரு சாராருக்கும் பொதுவான ஒரு பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். ஜியோகேச்சிங் பற்றிப் பேசுகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதும் சொல்வதும்தான் எனக்குப் பிழைப்பாக இருந்தது. இந்த விளையாட்டும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது.

விளையாட்டின் விதி எளிது. ஒருவர் தண்ணீர் புகாத சிறு டப்பா ஒன்றை வெளியிடத்தில் ஒளித்து வைக்கிறார். பழைய ஃபிலிம் ரோல் டப்பாவாக இருக்கலாம், சாப்பாட்டு டப்பாவாக இருக்கலாம். உள்ளே சுருட்டி வைத்த காகிதம், இடமிருந்தால் ஒரு பென்சில், குழந்தைகளுக்குப் பிடித்த சில்லறைச் சாமான்கள். அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் பதிந்துவிடுகிறார். மற்றவர்கள் அந்த எண்களைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு தேடி வருகிறார்கள். கிடைத்தால் காகிதத்தில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்துவிட்டுப் போகவேண்டும். உள்ளிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டால் அதே மதிப்புள்ள ஒன்றை வைக்கவேண்டும். தேடுவது எவ்வளவு கடினம், அங்கே போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை இரண்டு மதிப்பெண்கள் உண்டு. இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். உலகம் முழுக்க இன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன. மும்பையிலும் சில இருக்கின்றன.

இது எப்படித் தொடங்கியது? 2000ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி அமெரிக்க அதிபர் கிளின்டன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதுவரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். நம் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் இந்தப் பக்கம் நிற்பவனை அந்தப் பக்கம் நிற்பதாகச் சொல்லும். அன்று நள்ளிரவோடு அந்தப் பிழையை நிறுத்தினார்கள். மே 3ஆம் தேதி டேவ் அல்மர் என்ற கணினிக்காரர் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில், ஒரு கறுப்பு வாளியைப் புதைத்து வைத்தார். அதில் சில புத்தகங்கள், வீடியோ, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். எண்களை இணையக் குழுவில் போட்டார். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்று ஓர் இணையதளம் தொடங்கினார். இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் 1854லேயே குப்பிக்குள் பெயர்ச்சீட்டுப் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தது என்பார்கள். அதை இன்று விட்டுவிடுவோம்.

இங்கே இருக்கிற பைலட்டுகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ளவேண்டியது 2000க்கு முந்தைய ஜிபிஎஸ் கதை. 1983 செப்டம்பர் 1ஆம் தேதி கொரியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து சியோலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அலாஸ்காவில் இறங்கி மறுபடி கிளம்பியபின் அது தன் பாதையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போனது. விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. சோவியத் வான்வெளிக்குள் புகுந்துவிட்டது. போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அந்த மாதமே அமெரிக்க அதிபர் ரேகன், ஜிபிஎஸ் முழுமையானதும் உலகத்தின் பயணிகள் விமானங்களுக்கும் அதை இலவசமாகத் தருவோம் என்று அறிவித்தார். ராணுவத்துக்கென்று வளர்ந்துகொண்டிருந்த ஒன்றை எல்லோருக்கும் தருவோம் என்று உறுதி சொன்னது அப்போதுதான். இன்று உங்கள் பிள்ளை கைப்பேசியில் பார்க்கும் நீலப் புள்ளிக்குப் பின்னால் அந்த 269 பேர் இருக்கிறார்கள். இதை நான் கனத்த மனதோடுதான் சொல்கிறேன்.

நம் ஊருக்கே வருவோம். இடம் தப்புவது எப்படி என்பதை மும்பையைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் குறைவு. ஜுஹுவில் ஒரு விமானத் தளம், சாந்தாகுருஸில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். இரண்டிலும் கிழக்கு மேற்காக ஓடுபாதை உண்டு. மேற்கே கடலிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது ஜுஹு. 1953 ஜூலையில் பிரிட்டிஷ் நிறுவனத்தின் காமெட் ஜெட் விமானம் சாந்தாகுருஸ் என்று நினைத்துக்கொண்டு ஜுஹுவில் இறங்கிவிட்டது. அந்தச் சின்ன ஓடுபாதையிலிருந்து ஜெட் விமானத்தை எழுப்புவது லேசான காரியமா? சில நாட்கள் அங்கேயே நிறுத்தி, எடையைக் குறைத்து, பிறகுதான் சாந்தாகுருஸுக்குக் கொண்டுபோனார்கள். சரி, ஒரு தடவை நடந்தது, பாடம் கற்றிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 1972 செப்டம்பர் 24ஆம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 அதே மாதிரி ஜுஹுவில் இறங்கியது. இந்தத் தடவை ஓடுபாதை போதவில்லை. முனையைத் தாண்டி ஓடி விமானம் நொறுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

இரண்டு தடவையும் ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். எதிரே ஓடுபாதை தெரிந்தது. தெரிந்ததை நம்பினார்கள். தெரிந்த இடமும் போகவேண்டிய இடமும் ஒன்றுதானா என்று கருவியோடு ஒத்துப் பார்ப்பது தவறிப்போனது. இளம் விமானிகளுக்கு ஜியோகேச்சிங்கை நான் சிபாரிசு செய்வது இதற்காகத்தான். இந்த விளையாட்டில் கடைசிப் பத்து மீட்டர் வரைக்கும் எண்ணை நம்பவேண்டும். அதற்குப் பிறகு எண் உதவாது, கண்தான் வேலை செய்யவேண்டும். எந்த இடத்தில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பது என்கிற பழக்கம் உடம்பில் ஊறவேண்டும். சிமுலேட்டரிலும் அதைக் கற்றுத்தருகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு நடந்து கற்றுக்கொள்வதில் தனி ருசி இருக்கிறது.

ஜுஹுவைப் பேசிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் மும்பைத் தமிழனுக்கு அழகில்லை. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் மூட்டையோடு ஜுஹுவில் வந்து இறங்கினார். இந்திய விமானப் போக்குவரத்தின் பிறந்தநாள் என்று அதைக் கொண்டாடுகிறோம். ஆனால் தபால் ஜுஹுவோடு நிற்கவில்லை. அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை எடுத்துக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். பம்பாய்க்கும் சென்னைக்கும் நடுவே வான்வழித் தபால் அன்றுதான் தொடங்கியது. விமானத்தில் ரேடியோ கிடையாது. கீழே தெரியும் ரயில்பாதை, ஆறு, மலை, மடியில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். அவ்வளவுதான். வின்சென்ட் பார்த்தபடி போன நிலத்தின் மேல்தான் நாமும் சென்னை மெயிலில் போய் வருகிறோம்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். குழந்தைகள் கவனமாகக் கேட்கவேண்டும். மும்பை வடக்கே 19 பாகை, கிழக்கே 73 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஒரு பாகையில் 60 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் வடக்கே போனால் தரையில் 1852 மீட்டர் நடந்திருப்போம். அதுதான் ஒரு கடல் மைல். கப்பல்காரர்களும் விமானக்காரர்களும் இன்றும் அந்த மைலில்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ஜியோகேச்சிங்கில் நிமிடத்துக்குப் பிறகு புள்ளி வைத்து மூன்று இலக்கம் எழுதுவார்கள். நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 1.85 மீட்டர். ஆக, அந்தக் கடைசி இலக்கம் ஒன்று கூடினால் ஓர் ஆள் கையை அகல நீட்டும் அளவுக்கு இடம் நகர்கிறது. தீர்க்கரேகை நம் ஊரில் கொஞ்சம் நெருங்கியிருக்கும். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1750 மீட்டர்தான். ஏன் என்று உங்கள் கணக்கு டீச்சரைக் கேளுங்கள். பத்தாம் வகுப்பில் வரும் கோசைன் எதற்கு என்று கேட்ட பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. விமானிகளுக்கு இன்னொரு வசதி. அவர்கள் தினமும் படிக்கும் பாகை, நிமிட வடிவத்திலேயே இந்த எண்களும் இருக்கின்றன. கைப்பேசி வரைபடத்தில் எல்லாம் தசமமாக வரும், மாற்றிப் போட மறந்தால் வேறு தெருவில் போய் நிற்போம்.

இனி, என் மனதில் முள்ளாக இருக்கும் விஷயம்.

2006 ஜூலை 11ஆம் தேதி மாலை. வெஸ்டர்ன் லைன் மின்ரயில்களின் முதல் வகுப்புப் பெட்டிகளில் பதினோரு நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. ஒன்று நம் மாட்டுங்கா ரோடு பக்கத்தில். 180க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1993 குண்டுவெடிப்புகளையும் 2008 தாக்குதலையும் நான் சொல்லவேண்டியதில்லை. கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த நகரம் இது. இங்கே ஒரு பூங்கா பெஞ்சுக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றிய டப்பாவை ஒட்டி வைத்தால் என்ன ஆகும்? பார்க்கிற அம்மா பயந்து போலீஸைக் கூப்பிடுவார். கூப்பிடவேண்டும், அதுதான் சரி. இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிற்றூரில் 2011இல் அதேதான் நடந்தது. கடை வாசலில் ஒருவர் குனிந்து டப்பா வைத்ததைப் பார்த்துப் பயந்து, தெருவையே அடைத்து, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடிக்க வைத்தார்கள். அமைதியான ஊரிலேயே அந்தப் பாடு. இங்கே ஒளிந்து ஒளிந்து தேடுகிறவர் நம் பையனாக இருந்து, கேட்கிற ஏட்டுக்கு மராட்டியில் சரியாகப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான்: மும்பையில் பெட்டி வேண்டாம். ரயில் நிலையத்தில், மேம்பாலத்தில், பூங்காவில், கோயில் வாசலில், எங்கேயும் வேண்டாம். இந்த விளையாட்டிலேயே பெட்டி இல்லாத வகைகள் இருக்கின்றன. ஓர் இடத்துக்குப் போய், அங்கே நின்றால்தான் தெரியக்கூடிய ஒரு கேள்விக்கு விடை எழுதி அனுப்புவது ஒரு வகை. பாறை, மண், நீரோடை என்று பூமியின் அமைப்பைப் பார்த்துப் பதில் சொல்வது இன்னொரு வகை. இது அமெரிக்க நிலவியல் சங்கத்தின் முன்னெடுப்பில் 2004இல் தொடங்கியது. அதில் எதையும் வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. நமக்கு ஏற்றது இதுதான். யோசித்துப் பாருங்கள், இந்த நகரத்தில் புதிதாக எதையாவது ஒளித்து வைக்கவேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே நிறைய ஒளிந்து கிடக்கிறது.

தாராவிக்காரர்களைக் கேட்கிறேன். காலா கில்லாவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பஸ் டெப்போவை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான கோட்டை இருக்கிறதே, அதை? போன குளிர்காலத்தில் செம்பூரிலிருந்து நான்கைந்து குடும்பங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கைப்பேசி எண் ஒரு சந்துக்குள் கொண்டுபோய் விட்டது. அம்பு இப்படியும் அப்படியும் சுற்றுகிறது. இருபுறமும் மாடிகள் சாய்ந்து நிற்கிற சந்தில் செயற்கைக்கோள் சமிக்ஞை தகரத்திலும் சுவரிலும் பட்டு எதிரொலித்துத்தான் வரும், அதனால் இருபது முப்பது மீட்டர் தள்ளிக் காட்டும். பிள்ளைகள் சோர்ந்துபோய் நின்றார்கள். வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஓர் ஆச்சி தலையைத் தூக்கினார்.

"என்ன தேடுதிய? ரூம் பாக்கவா வந்திய?"

"இல்லை ஆச்சி, பழைய கோட்டை ஒண்ணு இருக்காமே, அதுல எழுத்துப் பொறிச்ச கல்லு..."

"அந்தக் கருங்கல்லுச் சுவரா? இந்தா, இந்தத் தண்ணிக் குழாயத் தாண்டிப் போயி அண்ணாந்து பாருங்க. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து நிக்கி."

குழாயைத் தாண்டினோம். வீடுகள் நெருக்கி நிற்க, நடுவே கறுத்த கல்மதில் உயர்ந்து நின்றது. மேலே பதித்திருந்த கல்லில் ஆங்கில எழுத்து: ஜான் ஹார்ன் ஆளுநராக இருந்தபோது, 1737இல் கட்டப்பட்டது. ஒரு சிறுமி எழுத்துக் கூட்டி அந்த வருடத்தைச் சத்தமாகப் படித்தாள். அதே ஆண்டில்தான் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சால்செட் தீவை மராட்டியப் படை போர்ச்சுகீசியரிடமிருந்து பிடிக்கத் தொடங்கியது. இக்கரையில் ஆங்கிலேயர் காவல் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகக் கடந்துபோவது, தலைக்கு மேலே கல்லாக நின்றுகொண்டிருந்தது.

அந்த வருடத்தை வைத்தே விளையாட்டை அடுத்த இடத்துக்கு நகர்த்தினோம். ஒன்று, ஏழு, மூன்று, ஏழு கூட்டினால் பதினெட்டு. அடுத்த இடத்தின் அட்சரேகையில் கடைசி இரண்டு இலக்கத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அதில் பதினெட்டை எழுதினால் சயான் குன்று. ஜெரால்டு ஆங்கியர் ஆளுநராக இருந்த 1669 முதல் 1677 வரையான காலத்தில் எழுப்பிய கோட்டை அங்கே இருக்கிறது. ஆங்கிலேயரின் பரேல் தீவுக்கும் போர்ச்சுகீசியரின் சால்செட்டுக்கும் எல்லை அந்தக் குன்றடிதான். கல்லைப் படிக்காதவருக்கு அடுத்த எண் கிடைக்காது. மேலே ஏறி நின்றால் வந்த வழி தெரியும். பிள்ளைகள் தாராவி எது, மாட்டுங்கா எது, செம்பூர் எந்தப் பக்கம் என்று கை நீட்டிச் சண்டை போட்டார்கள். மூன்று ஊரையும் ரயில் ஸ்டேஷன் பெயராக மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள்.

அந்த ஆச்சியை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் 20,000 கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றுகின்றன. நான்கு செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரங்கள் நேரம் சொல்ல, நம் கருவி கணக்குப் போட்டு இடம் காட்டுகிறது. நம் நாட்டுக்கென்று இஸ்ரோ 2013லிருந்து ஒவ்வொன்றாக ஏவிய நாவிக் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. 2023 மே மாதம் போன என்விஎஸ்-01இல் நம் ஊரிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் இருந்தது. விமானங்கள் துல்லியமாக இறங்குவதற்கென்று ககன் என்ற ஏற்பாடும் இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்து சந்து முனை வரைதான் கொண்டுவந்தன. அதற்குமேல் வழி சொன்னது அந்த ஊரில் வாழ்கிறவர். தாராவிக்குள் போகிறவர்கள் பேசிப் பழகிக்கொண்டு போங்கள், கைப்பேசியை நீட்டி வீடுகளையும் வாசல்களையும் படம் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அது பலருடைய குடியிருப்பு. வேடிக்கை பார்க்கும் இடமாக அதை நடத்துவதை நான் சகித்துக்கொள்ளமாட்டேன்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டைப் பகுதியில் 1718இல் திறந்த செயின்ட் தாமஸ் தேவாலயம் இருக்கிறது. சர்ச்கேட் என்ற பெயர் வந்ததே அதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தேவாலயத்தை மையமாக வைத்து வடக்கே மைல்கற்கள் நட்டுக்கொண்டு வந்தார்கள். ரோமன் எண்ணில் மைல் செதுக்கிய கருங்கற்கள். பல, நடைபாதை உயர உயர மண்ணுக்குள் போய்விட்டன. சில மட்டும் அரைகுறையாக வெளியே தெரிகின்றன. சிலவற்றை இப்போது மீட்டுச் சரிசெய்திருக்கிறார்கள். இவற்றைத் தேடுவதைவிட நல்ல ஜியோகேச்சிங் இந்த ஊரில் கிடையாது. ஒன்றைக் கண்டுபிடித்ததும் கைப்பேசியில் தேவாலயம் வரை நேர்தூரம் பாருங்கள். கல்லில் செதுக்கிய மைலை 1609ஆல் பெருக்குங்கள். இரண்டும் ஒத்துவராது. கல் சொல்வது சாலைத் தூரம், கைப்பேசி சொல்வது காக்கை பறக்கும் தூரம். எவ்வளவு வித்தியாசம் என்பதிலிருந்து பழைய சாலை எப்படி வளைந்து போயிருக்கும் என்று பிள்ளைகளே ஊகிக்கலாம்.

பாறை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்தேரியில் கில்பர்ட் ஹில் போங்கள். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகித் தூண் தூணாக நின்ற பாறை, 200 அடி உயரம், நாலு பக்கமும் கட்டிடம். மரம் பார்க்க மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் போதும். தாராவி ஓரத்திலேயே மஹாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர், ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டிய மேடு, இன்று காடு. ஜியோகேச்சிங்காரர்கள் உலகம் முழுக்க, தேடப் போன இடத்துக் குப்பையைப் பொறுக்கி வருவதை ஒரு வழக்கமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பூங்காவில் நிற்கும்போது அந்த வழக்கத்தின் அருமை புரியும்.

செம்பூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அணுசக்தி நகர், டிராம்பே, மாஹுல் சுத்திகரிப்பு நிலையங்கள் பக்கம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதையும் தேடாதீர்கள். விமான நிலையச் சுற்றுச்சுவரும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களிடமும் சொல்லி வையுங்கள்: சாதாரண ஜிபிஎஸ் கைப்பேசியில் இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவிகளை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. தெரியாமல் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள்.

விமானப் பணியில் இருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள். வேற்றூரில் லேஓவர் கிடைத்தால் ஓட்டல் அறையில் திரையை இழுத்து மூடிக்கொண்டு கிடப்பதும், மாலுக்குப் போய் வருவதும்தான் பழக்கமாகிவிட்டது. தூக்கம் முக்கியம், அதை நான் மறுக்கமாட்டேன். மிச்ச நேரத்தில் இரண்டு மணி நேரம் நடங்கள். பெட்டி வைப்பதற்குப் பயமில்லாத ஊர்களில் பெட்டியைத் தேடுங்கள். இந்த விளையாட்டில் எண் பொறித்த உலோக வில்லை ஒன்று உண்டு. ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு ஊர்ப் பெட்டியில் போடவேண்டும். அது எங்கெல்லாம் போனது என்று இணையத்தில் வரைபடமாகத் தெரியும். 2008இல் ரிச்சர்டு காரியட் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே ஒன்றைக் கொண்டுபோனார். 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் அப்படி ஓர் எண் பொறித்த தகடு இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பெயரில் ஒரு வில்லை வாங்கி, கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டுக் கேட்டுத் தூங்கும் குழந்தைகளின் வீடுகள் எனக்குத் தெரியும். அந்தக் குழந்தை வரைபடத்தில் விரல் வைத்துத் தேடட்டும்.

குடும்பமாகப் போகும்போது கைப்பேசி பிள்ளையின் கையில் இருக்கவேண்டும். பெரியவர்கள் பின்னால் வரவேண்டும். தப்பான சந்தில் திரும்பினால் திரும்பட்டும், உடனே திருத்தாதீர்கள். மே மாத வெயிலிலும் அடைமழையிலும் வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை நேரம் தோதானது. முட்டி வலிக்கும் பாட்டிமாருக்குக் குன்று ஏறும் வழியை வைக்காதீர்கள். மதிப்பெண் ஒன்று போட்ட இடங்களை அவர்களுக்கென்று வையுங்கள். அவர்கள் இல்லாமல் போனால் பாதி இடங்களுக்குக் கதை சொல்ல ஆள் இருக்காது.

கடைசியாக, தாராவியிலிருந்து வந்திருக்கிறவர்களிடம் பேசவேண்டும். உங்கள் தெருக்கள் மாறப்போகின்றன. மறுகட்டுமானத்துக்காக ட்ரோனிலும் லேசரிலும் அளந்திருக்கிறார்கள். பல வீடுகளில் எண் எழுதியாகிவிட்டது. அது நல்லதா கெட்டதா என்று பேச இது மேடை இல்லை. ஆனால் செம்பூரில் 1948லிருந்து நின்ற ஆர்.கே. ஸ்டூடியோவை நினைத்துப் பாருங்கள். 2017இல் தீப்பிடித்தது, பிறகு விற்றார்கள், இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடி. உள்ளே எந்தத் தளத்தில் எந்தப் படம் எடுத்தார்கள் என்று இனி யாரும் காலை ஊன்றிக் காட்ட முடியாது. திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்கள் எந்தக் கொட்டகையில் வேலை செய்தார்கள், முதல் இட்லி அடுப்பு எந்தத் திண்ணையில் எரிந்தது, எந்த மூலையில் பொங்கல் பானை வைத்தார்கள் என்பதெல்லாம் இன்னும் சிலருக்குத் தெரியும். கட்டிடம் போனாலும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போகாது. 2025 மே மாதம் தபால் துறை டிஜிபின் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. ஒரு திண்ணைக்குக்கூடக் குறியீடு கிடைக்கும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, வீட்டுப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் காலை ஊன்றி "இங்கேதான்" என்று சொல்லும் இடத்தில் நின்று எண்ணைக் குறிக்கட்டும். மூன்று தடவை எடுத்துச் சராசரி போடட்டும், சந்துக்குள் ஒரு தடவை எடுத்தால் நம்ப முடியாது. எண், தேதி, சொன்னவர் பெயர், அவர் சொன்ன கதை நாலு வரி. தமிழிலேயே எழுதட்டும். பொது இடம் என்றால் அதற்கு ஒரு கேள்வி தயார் செய்து விளையாட்டில் சேர்ப்போம். சொந்த வீடு என்றால் எண் அந்தக் குடும்பத்தோடு மட்டும் இருக்கட்டும். வாசலில் நோட்டுப் புத்தகங்கள் வைத்திருக்கிறோம், பிள்ளைக்கு ஒன்று வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காலா கில்லா டெப்போ வாசலில் கூடுகிறோம். தண்ணீர் பாட்டில், தொப்பி, சார்ஜ் ஏற்றிய கைப்பேசி, குப்பை போட ஒரு பை. விமானிகள் யாருக்காவது அன்று டியூட்டி இல்லையென்றால் வாருங்கள், பாகையும் நிமிடமும் சொல்லித்தர ஆள் வேண்டும்.